கேபிளைப் பார் என்றவரும் ஆயிலைப் பார் என்றவரும்

இந்த வாரக் கடிதம் பெங்களூரிலிருந்து வந்தது. எழுதியவருக்கு வயது 34, சொந்த ஊர் வாணியம்பாடிப் பக்கம். பீன்யா தொழிற்பேட்டையில் ஒரு டூல் ரூமில் தரப் பரிசோதகர் வேலை. ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றிவிட்டு, ஒன்பது பக்கக் கடிதத்தைச் சுருக்கித் தருகிறேன்.

இருபது பேர் கொண்ட தமிழ் நண்பர்கள் குழு ஒன்று ஞாயிறுதோறும் அல்சூர் பக்கம் ஒரு ஷெட்டில் கூடுகிறது. விடியற்காலையில் நந்தி மலை வரை ஒரு ரைடு, திரும்பி வந்து டீ, அப்புறம் மதியம் வரை ஒருவர் வண்டியை இன்னொருவர் கழட்டி மாட்டுவது. அங்கே எந்தச் சந்தேகத்துக்கும் கடைசி வார்த்தை ஒருவருடையது. 58 வயது, பொதுத்துறைத் தொழிற்சாலை ஒன்றில் ஃபிட்டராக இருந்து விருப்ப ஓய்வு பெற்றவர், எல்லோருக்கும் ‘அண்ணன்’. பழைய காஸ்ட் அயர்ன் இன்ஜின் புல்லட் வைத்திருக்கிறார்.

மூன்று மாதம் முன்பு குழுவின் கடைக்குட்டிப் பையன் தன் புது மாடல் புல்லட்டைக் கொண்டுவந்தான். ஆக்ஸிலேட்டரைத் திருகினால் இன்ஜின் கத்துகிறது, வண்டி நகரவில்லை. கிளட்ச் ஸ்லிப், அதாவது இன்ஜினின் சுழற்சியைச் சக்கரத்துக்குக் கடத்தும் கிளட்ச் வழுக்குகிறது. ‘கிளட்ச் கேபிளைப் பாருடா’ என்றார் அண்ணன். ‘கேபிள் இல்லை, ஆயில். இவன் கார் ஆயில் ஊற்றியிருக்கிறான்’ என்றார் நம் வாசகர். அந்தக் கார் ஆயிலை ஊற்றச் சொன்னதே அண்ணன்தான். ‘முப்பது வருஷமா என் வண்டிக்கு அதைத்தான் ஊத்துறேன். டார்க் ரெஞ்ச் வாங்கிட்டா மெக்கானிக் ஆயிடுவியா?’ என்று, வாசகர் போல்ட்டை அளந்து முடுக்க வைத்திருக்கும் கருவியைச் சொல்லி அவர் கேட்க, ஷெட்டே சிரித்தது. அன்று இரவு வாசகர் தன் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ‘குறைகுடம் கூத்தாடும்’ என்று போட்டார். அடுத்த வாரம் பையனின் வீட்டுக்கே போய் ஆயிலை இறக்கிவிட்டுச் சரியான ஆயிலை ஊற்றினார். ஸ்லிப் நின்றது. இருபது பேர் முன்னால் ‘நான் சொன்னது தப்பு என்று சொல்லுங்கள்’ என்று அண்ணனைக் கேட்டார். அவர் சொல்லவில்லை. கூச்சல் ஆனது. அதற்குப் பிறகும் சில வாரம் போய் வாயைத் திறக்காமல் உட்கார்ந்துவிட்டு வந்தார். இப்போது ஐந்து வாரமாகப் போவதே இல்லை. ராத்திரி இரண்டு மணிக்கு விழிப்பு வருகிறது, மனசுக்குள் அண்ணனுக்குப் பதில் சொல்லிக்கொண்டே விடிகிறது.

அவருடைய கேள்விகள் மூன்று. இப்படிப்பட்டவர்களை ஒத்துக்கொள்ள வைப்பது எப்படி? அவருக்கு இருப்பது ‘டன்னிங்-க்ரூகர்’ என்ற மனநோய்தானே? அவருடைய தவறான யோசனைகளைத் தொகுத்து, பெயரும் படமும் போட்டு ஒரு வீடியோ வெளியிடலாமா?

அன்புள்ள வாசகருக்கு,

நான் ஓட்டுவது கியர் இல்லாத ஸ்கூட்டர். அதில் கிளட்ச் என்று ஒன்று இருக்கிறதா என்றுகூட உங்கள் கடிதம் வரும்வரை யோசித்ததில்லை. அதனால் வண்டி சம்பந்தப்பட்ட பகுதியை மட்டும், ஆட்களை எடுத்துவிட்டு, ஜே.சி. ரோட்டுப் பக்கம் பட்டறை வைத்திருக்கும் தெரிந்த மெக்கானிக் ஒருவரிடம் படித்துக் காட்டினேன். பாதியில் கையைக் காட்டி நிறுத்தினார். ‘அந்த வரியை இன்னொரு வாட்டி படிங்க மேடம்.’

அந்த வரி உங்கள் ஆறாம் பக்கத்தில் இருக்கிறது. ‘ஆயில் மாற்றும்போது கேபிளும் கொஞ்சம் டைட்டாக இருந்ததால் அதையும் லூஸ் விட்டேன்.’ ஒன்பது பக்கத்தில் இந்த ஒரு விஷயத்துக்கு ஒரே ஒரு வரி. அடுத்த வரியிலேயே மறுபடி ஆயிலுக்குப் போய்விட்டீர்கள்.

கிளட்ச் லிவரைப் பிடித்து இழுக்கும்போது முதலில் கொஞ்சம் தூரம் அது சும்மா ஆட வேண்டும். பல வண்டிகளில் லிவர் முனையில் 10 முதல் 20 மில்லிமீட்டர் வரை அந்த ஆட்டம் வேண்டும் என்றார் மெக்கானிக். அது இல்லாமல் கேபிள் விறைப்பாக இருந்தால், நீங்கள் லிவரைத் தொடாதபோதும் கிளட்ச் பாதி பிடித்த நிலையிலேயே இருக்கும். பிளேட்டுகள் ஒன்றோடொன்று முழுதாக அழுந்தாது. விளைவு, ஸ்லிப். ஸ்லிப் என்று வண்டி வந்தால் முதலில் கேபிளைப் பார்ப்பதுதான் பட்டறை வழக்கம், அதற்குக் காசு செலவில்லை என்றார் அவர்.

ஆக, அந்தப் பையனின் வண்டியில் ஒரே நேரத்தில் இரண்டை மாற்றினீர்கள். எதனால் சரியானது என்று இப்போது யாராலும் சொல்ல முடியாது. உங்களாலும் முடியாது, அண்ணனாலும் முடியாது. உங்கள் டூல் ரூமில் ஒருவர் ஒரே சமயத்தில் இரண்டு செட்டிங்கை மாற்றிவிட்டு ‘இதனால்தான் சரியாச்சு’ என்று ரிப்போர்ட் எழுதிக் கொண்டுவந்தால் கையெழுத்துப் போடுவீர்களா?

இதைக் குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. ஆயில் பற்றி நீங்கள் சொன்னதில் பெரும்பகுதி சரி. அதற்கும் வருகிறேன்.

இரண்டு புல்லட், இரண்டு வகை வயிறு

என் அப்பா ராணிப்பேட்டையில் ஒரு பழைய புல்லட் வைத்திருந்தார். அதை ஸ்டார்ட் செய்வது ஒரு பூஜை மாதிரி. ஆம்பியர் மீட்டர் முள்ளைப் பார்த்துக்கொண்டே கிக்கரை மெல்ல அழுத்தி, டிகம்ப்ரஸர் லிவரைப் பிடித்து, முள் நடுவுக்கு வந்ததும் விட்டு, பிறகு ஒரே உதை. தவறினால் கிக்கர் திருப்பி அடிக்கும். அந்த இன்ஜினுக்குள் எண்ணெய் மூன்று தனித்தனி இடங்களில் இருந்தது என்பதை மட்டும் இப்போதுதான் தெரிந்துகொண்டேன். இன்ஜினுக்கு ஒன்று, கியர்பாக்ஸுக்கு ஒன்று, கிளட்ச் உட்கார்ந்திருக்கும் செயின் கேஸுக்கு ஒன்று. இன்ஜின் ஆயில் கிளட்ச் பிளேட்டைத் தொடவே தொடாது.

புரிகிறதா? அண்ணன் முப்பது வருஷமாகத் தன் இன்ஜினில் கார் ஆயில் ஊற்றி, கிளட்சுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று சொன்னது பொய் இல்லை, வீம்பும் இல்லை. அவருடைய வண்டியில் அது அப்படித்தான். 2009 வாக்கில் வரத் தொடங்கிய புது மாடல்களில் இன்ஜினும் கியர்பாக்ஸும் ஒரே கூடு, ஒரே எண்ணெய். கிளட்ச் பிளேட்டும் அதிலேயே குளிக்கிறது. மைலேஜுக்காக உராய்வு குறைக்கும் சேர்மங்கள் கலந்த கார் ஆயிலை அதில் ஊற்றினால் பிளேட் வழுக்க வாய்ப்பு உண்டு. அதற்காகத்தான் ஜாசோ எம்.ஏ., எம்.ஏ.2 என்று பைக் ஆயில் டப்பாவில் முத்திரை இருக்கிறது. 1998-இல் ஜப்பானில் வந்த தர அளவு அது.

ஆனால் ‘எந்தக் கார் ஆயிலை ஊற்றினாலும் கிளட்ச் காலி, பிளேட் மாற்றியே ஆகணும்’ என்று அன்று ஷெட்டில் சொன்னதாக எழுதியிருக்கிறீர்களே, அது அதிகம். அந்தச் சேர்மங்கள் பெரும்பாலும் தடிமன் குறைந்த கார் ஆயில்களில்தான். தப்பான ஆயிலை ஊற்றியிருந்தாலும், பல நேரம் இறக்கிவிட்டுச் சரியானதை ஊற்றினால் போதும். அந்தப் பையனின் வண்டியும் பிளேட் மாற்றாமலேயே ஓடுகிறது.

ஆகவே அண்ணன் தன் வண்டியைப் பற்றிச் சரியாகச் சொன்னார், பையனின் வண்டியைப் பற்றித் தப்பாகச் சொன்னார். கேபிளைப் பற்றிச் சரியாகச் சொன்னார். நீங்கள் ஆயில் விஷயத்தைச் சரியாகப் பிடித்தீர்கள், அளவைக் கூட்டிச் சொன்னீர்கள், கேபிளை மறைத்தீர்கள். ‘மறைத்தீர்கள்’ என்பது கடுமையான சொல்தான். ஆனால் பையனிடமாவது ‘கேபிளும் டைட்டாத்தான் இருந்தது’ என்று சொன்னீர்களா? கடிதத்தில் அப்படி இல்லை.

குடம் பழமொழியைப் பற்றி ஒன்று மட்டும். பெயர் போடவில்லையே என்கிறீர்கள். அன்று மதியம் சிரித்த இருபது பேருக்கும் எந்தக் குடம் என்று தெரிந்திருக்கும்.

‘டன்னிங்-க்ரூகர்’ ஒரு வியாதி அல்ல

உங்கள் இரண்டாம் கேள்வி. கார்னெல் பல்கலைக்கழகத்தின் ஜஸ்டின் க்ரூகரும் டேவிட் டன்னிங்கும் 1999-இல் வெளியிட்ட ஆய்வு அது. நகைச்சுவை, தர்க்கம், ஆங்கில இலக்கணம் ஆகியவற்றில் மாணவர்களுக்குச் சோதனை வைத்து, ‘நீங்கள் எவ்வளவு நன்றாகச் செய்திருப்பீர்கள்?’ என்று கேட்டார்கள். மிகக் குறைவாக மதிப்பெண் எடுத்த கால்பங்கினர், நூறு பேர் வரிசையில் சராசரியாக 12-ஆம் இடத்தில் இருந்துகொண்டு, தாங்கள் 62-ஆம் இடத்தில் இருப்பதாக நினைத்தார்கள். இங்கே எண் கூடக்கூடத் திறமை கூடுதல். எந்த மருத்துவரும் யாருக்கும் இதை நோயாக எழுதிக் கொடுக்க மாட்டார். அந்தச் சோதனை ஒரு வகை மனிதர்களைப் பிடிப்பதற்கு வைத்ததும் அல்ல. தெரியாத இடத்தில் நிற்கும் எவருக்கும் வரும் தடுமாற்றம் அது. எனக்கு ஆயில் விஷயத்தில் வரும், உங்களுக்கு மனித விஷயத்தில் வரும்.

உங்களுக்கு உண்மையில் உதவக்கூடியது வேறொன்று. 2002-இல் யேல் பல்கலைக்கழகத்தின் லியோனிட் ரோசன்பிளிட், ஃபிராங்க் கீல் இருவரும் செய்தது. ஜிப், பூட்டு மாதிரி அன்றாடப் பொருட்கள் எப்படி வேலை செய்கின்றன என்பது எவ்வளவு புரிந்திருக்கிறது என்று ஆட்களிடம் மதிப்பெண் போடச் சொன்னார்கள். பிறகு படிப்படியாக விளக்கச் சொன்னார்கள். விளக்க உட்கார்ந்ததும் அவர்களே தங்கள் மதிப்பெண்ணைக் குறைத்துக்கொண்டார்கள். யாரும் அவர்களைத் தப்பு என்று சொல்லவில்லை. ‘எப்படி?’ என்று கேட்டார்கள், அவ்வளவுதான்.

நீங்கள் அண்ணனிடம் கேட்டது ‘ஏன் ஒத்துக்க மாட்டேங்கிறீங்க?’ என்று. அதுவும் இருபது பேர் முன்னால். ஏழெட்டு வருஷமாக ஒவ்வொரு ஞாயிறும் தன்னை அண்ணன் என்று கூப்பிடும் இருபது பேர். அங்கே ‘தப்பு’ என்று சொல்வதற்கு அவர் கொடுக்க வேண்டிய விலை என்ன என்று யோசியுங்கள். நான் அவரைப் பார்த்ததில்லை, அதனால் இது ஊகம்தான். ஆனால் கையால் தொட்டு, காதால் கேட்டு வேலை செய்த ஒரு ஃபிட்டருக்கு, தொழிற்சாலைக் கதவு சாத்தியபின் அந்தக் கைக்கு மரியாதை கிடைக்கும் இடம் இந்த ஷெட் ஒன்றாக மட்டும்கூட இருக்கலாம்.

அதற்காக அவர் உங்களைக் கேலி செய்தது சரி என்று ஆகிவிடாது. டார்க் ரெஞ்ச் வைத்து போல்ட்டை அளந்து முடுக்குவது நல்ல பழக்கம், அதைச் சொல்லிச் சிரித்தது சின்னத்தனம். உங்களுக்கு வலித்ததில் நியாயம் இருக்கிறது.

வீடியோ வேண்டாம்

சுருக்கமாகச் சொல்கிறேன், விரிவு வேண்டுமானால் வக்கீலைப் பாருங்கள். பெயரும் படமும் போட்டு ஒருவரை ஏமாற்றுக்காரர் என்று சொல்வது அவதூறு வழக்குக்கு இடம் கொடுக்கும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதா என்ற தண்டனைச் சட்டத்தின் 356-ஆம் பிரிவில் இதற்கு இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும், அல்லது சமூக சேவை என்று இருக்கிறது. ‘நான் சொன்னது உண்மைதானே’ என்பது மட்டும் போதாது. அதைச் சொன்னது பொது நன்மைக்காக என்றும் காட்ட வேண்டும். கேபிளை லூஸ் விட்ட ஆறாம் பக்கத்து வரியோடு கோர்ட்டுக்குப் போக ஆசையா? மனைவி ‘ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி’ (கொஞ்சம் அனுசரித்துப் போங்கள்) என்று கன்னடத்தில் கிண்டல் செய்வதாக எழுதியிருக்கிறீர்கள். இந்த ஒரு விஷயத்தில் அவர் பேச்சைக் கேளுங்கள்.

ஃபியூஸ்

உங்கள் கடிதத்தில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்த இடம் எட்டாம் பக்கம். சண்டைக்குப் பிறகு, நீங்கள் இன்னும் ஷெட்டுக்குப் போய்க்கொண்டிருந்த நாட்களில், நண்பர் ஒருவரிடம் அண்ணன் ‘ஏ.பி.எஸ். ஃபியூஸைப் பிடுங்கிடு, அது இருந்தா பிரேக் சரியா நிக்காது’ என்றார். அவரும் பிடுங்கினார். பக்கத்தில்தான் இருந்தீர்கள். ‘எனக்கென்ன, நான் சொன்னால் சிரிப்பார்கள் என்று பேசாமல் இருந்தேன்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அவர்கள் நந்தி மலைக்குப் போய் நல்லபடியாகத் திரும்பி வந்துவிட்டார்கள் என்றும்.

கடிதம் முழுக்க ஆயிலுக்காகக் கத்தியிருக்கிறீர்கள், பிரேக்குக்காக வாயைத் திறக்கவில்லை. தப்பான ஆயில் கிளட்சை வழுக்க வைக்கும், செலவு வைக்கும். முன் சக்கரம் பிரேக்கில் பூட்டிக்கொண்டால் ஆள் விழுவார். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வதுதான் ஏ.பி.எஸ்.ஸின் வேலை. 125 சி.சி.க்கு மேற்பட்ட வண்டிகளில் அது 2018 ஏப்ரலில் புது மாடல்களுக்கும், 2019 ஏப்ரலிலிருந்து எல்லாவற்றுக்கும் கட்டாயமாக்கப்பட்டது. கம்பெனி வைத்துக் கொடுத்த பாதுகாப்புப் பாகத்தை வேலை செய்யாமல் ஆக்கிவிட்டு ஓட்டினால், நாளைக்கு விபத்து என்று வரும்போது போலீஸும் இன்சூரன்ஸ் கம்பெனியும் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.

இதிலும் அண்ணன் காற்றிலிருந்து பேசவில்லை. தளர்ந்த ஜல்லி, மண் பாதையில் ஏ.பி.எஸ். வண்டி நிற்கக் கொஞ்சம் கூடுதல் தூரம் எடுக்கலாம். அதனால்தான் சில கரடுமுரடுப் பாதை வண்டிகளில் பின் சக்கர ஏ.பி.எஸ்.ஸை அணைக்க ஸ்விட்ச் இருக்கிறது. தார் ரோட்டு மலை வளைவுக்கு அந்த நியாயம் பொருந்தாது.

எதற்குப் பேச வேண்டும், எதற்கு விடலாம் என்பதற்கு உங்களுக்கு வேண்டியது ஒரே கோடுதான். செயினுக்கு எந்த ஆயில், காலையில் எத்தனை நிமிஷம் ஐட்லிங் விடுவது, எந்த பங்கில் பெட்ரோல் நல்லது, இதையெல்லாம் அண்ணன் என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும். பிரேக், டயர், ஹேண்டில், சக்கரத்து நட், இந்த நாலில் தப்பான யோசனை காதில் விழுந்தால் யார் சிரித்தாலும் சொல்லிவிடுங்கள். சபையில் அண்ணனிடம் சொல்ல வேண்டாம், வண்டிக்காரரிடம் தனியாகச் சொல்லுங்கள். ‘மேனுவல்ல ஒரு தடவை பாத்துருவோம் மச்சான்’ என்றால் போதும். அங்கே உங்களுக்கும் அண்ணனுக்கும் நடுவில் ஒரு புத்தகம் வந்துவிடும், யார் ஜெயித்தது என்ற பேச்சே எழாது.

போவதா, விடுவதா

இரண்டுக்கும் வழி உண்டு. ஞாயிற்றுக்கிழமையை மகளோடு கழிப்பதில் சந்தோஷம் இருக்கிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். அது உண்மையானால் விட்டுவிடுங்கள், யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் விட்ட பிறகும் ராத்திரி இரண்டு மணிக்கு அண்ணனோடு பேசிக்கொண்டிருந்தால் நீங்கள் இன்னும் ஷெட்டில்தான் இருக்கிறீர்கள் என்று அர்த்தம். தூக்கம் இப்படியே இன்னும் சில வாரம் கெட்டால் நேரில் ஓர் ஆலோசகரைப் பாருங்கள். அரசின் டெலி மானஸ் என்ற மனநலத் தொலைபேசிச் சேவைக்கு 14416-இல் கூப்பிட்டால் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

போவதென்றால், ஒத்துக்கொள்ள வைக்கும் எண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுப் போங்கள். முதலில் உங்கள் பக்கத்துக் கணக்கு. ‘அண்ணே, அன்னைக்குக் கேபிளும் டைட்டாத்தான் இருந்துச்சு. நீங்க சொன்னது சரி. நான்தான் சொல்லாம விட்டுட்டேன்.’ இதோடு நிறுத்துங்கள். ‘ஆனால் ஆயில்…’ என்று அதே மூச்சில் தொடர்ந்தால் முதல் பாதி காற்றில் போய்விடும்.

ஆயில் பேச்சு வேறொரு நாள், யாரும் இல்லாதபோது. ‘உங்க புல்லட்ல கிளட்ச் எந்த ஆயில்ல ஓடுதுண்ணே? எப்படி இருக்கும் உள்ள?’ என்று கேளுங்கள். பரீட்சை வைக்கும் குரலில் கேட்டால் அவருக்குத் தெரிந்துவிடும், அவ்வளவு அனுபவம் இருக்கிறது. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேளுங்கள். மூன்று எண்ணெய் அறைகளையும் அவர் உங்களுக்குக் கழட்டியே காட்டுவார். பையனின் வண்டியில் அது ஒன்றே என்று அவருக்கு அங்கேயே தோன்றலாம். தோன்றாமலும் போகலாம். தோன்றினாலும் உங்களிடம் சொல்லாமல் இருக்கலாம். அடுத்த முறை வேறு ஒருவரிடம் ‘புது மாடலுக்கு பைக் ஆயிலே ஊத்துடா’ என்று, தானே கண்டுபிடித்த மாதிரி சொன்னால், வாயைப் பொத்திக்கொண்டு டீ குடியுங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால், ஃபியூஸ் பிடுங்கிய நண்பருக்கு இன்று சாயங்காலமே போன் செய்யுங்கள். ஃபியூஸைப் பற்றி மட்டும் பேசுங்கள், அண்ணன் பெயர் வேண்டாம்.

உங்கள் டார்க் ரெஞ்ச் இன்னும் ஷெட்டிலேயே கிடக்கிறது, ஐந்து வாரமாக எடுக்கப் போகவில்லை என்று கடைசிப் பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள். அதை எடுக்கப் போகிற சாக்கில் ஒரு ஞாயிறு போய் வாருங்கள். போகும்போது டீ வாங்கிப் போங்கள். அண்ணனுக்குச் சர்க்கரை இல்லாமல். அதுவும் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது.